வேர்டிலிருந்து தாளுக்கு: பிரிண்ட் சர்வரில் ஃபார்மேட் மாற்றும் செட்டிங்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரியின் பிரிண்ட் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் அலுவலகத்தாரும் ஃபைலை வெப் பக்கத்தில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் மெயிலில் அனுப்புவார்கள். சர்வர் அதைப் பிடிஎஃப் ஆக்கி, பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, யார் கணக்கில் எத்தனை பக்கம் என்று எழுதிவைக்கும். "சார், பிரிண்ட் சரியா வரல" என்று என் மேசைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த மாற்றும் வேலையில் விளைந்தவைதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

வேர்டு ஃபைலை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினால் என்ன? எதற்கு இந்த மாற்றம்?

பெரும்பாலான பிரிண்டர்களுக்கு வேர்டு தெரியாது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்பியின் பிசிஎல், இவைதான் அவற்றின் தாய்மொழி. கொஞ்சம் புதிய மெஷின் என்றால் பிடிஎஃப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளும். போனிலிருந்து பிரிண்ட் எடுக்கும் வகைகள் படமாகவே வாங்கிக்கொள்ளும்.

ஆக, நடுவில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, வேர்டு ஃபைல் பிடிஎஃப் ஆவது. எந்த வரி எங்கே மடியும், பக்கம் எங்கே முடியும் என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. இரண்டாவது, பிடிஎஃப் பிரிண்டர் மொழியாவது. முடிவான படத்தை அங்கே வரைய வேண்டியதுதான் பாக்கி. எது பிசகியது என்று தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த மாற்றத்தில் நடந்தது?" என்பதே. வரி இடம் மாறியிருந்தால் முதலாவது. வரி சரியாக இருந்து எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக வந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

அப்படியானால் பிடிஎஃப் ஆக்குவதை எங்கே செய்வது? அனுப்புகிறவர் கணினியிலா, சர்வரிலா?

எழுத்துரு எங்கே இருக்கிறதோ அங்கே. என்னைக் கேட்டால் மற்ற செட்டிங்ஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒருமுறை முதல்வர் அறையிலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்தது. வேர்டில், லதா எழுத்துருவில், 12 புள்ளி அளவில் அடித்தது. அவர்கள் திரையில் அழகாக ஒரே பக்கம். எங்கள் சர்வரில் லதா இல்லை. மென்பொருள் யாரையும் கேட்காமல் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் அகலம், வரி உயரமும் கூடுதல். விளைவு, சுற்றறிக்கை இரண்டு பக்கம் ஆனது. இரண்டாம் பக்கத்தின் உச்சியில் "முதல்வர்" என்ற ஒரே சொல், கீழே வெறும் தாள். அறுபது பிரதி எடுத்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

சர்வரில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அதன் கணக்கில் வேலை வெற்றிகரமாக முடிந்துவிட்டது! அனுப்பும் முன் அவர்களே பிடிஎஃப் ஆக்கியிருந்தால் எழுத்துருவும் ஃபைலுக்குள்ளேயே வந்திருக்கும். அதன் பிறகு எந்தச் சர்வரும் வரியைத் தொட முடியாது. அன்றிலிருந்து எங்கள் வெப் பக்கத்தில் பிடிஎஃப்புக்கு மட்டும் நேர்வழி. வேர்டு, எக்செல் ஏற்றினால் மாற்றிய பிடிஎஃப்பை முதலில் காட்டி, "இப்படித்தான் வரும், சரியா?" என்று கேட்ட பிறகே க்யூவுக்கு (அச்சு வரிசைக்கு) அனுப்புகிறது. உங்கள் மென்பொருளில் இப்படி முன்காட்சி காட்டும் வசதி இருந்தால், வேறு எதையும் தொடுமுன் அதை ஆன் செய்யுங்கள்.

சர்வரில்தான் மாற்றியாக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வைப்பதா, லிப்ரேஆபீஸ் வைப்பதா?

இரண்டுக்கும் விலை உண்டு.

வேர்டு ஃபைலை வேர்டே திறந்தால் அமைப்பு மாறாமல் வரும், சந்தேகமில்லை. பேப்பர்கட் என்ற அச்சு நிர்வாக மென்பொருளின் வெப் பிரிண்ட்டில் இதற்கென்று ஒரு விண்டோஸ் கணினியைத் தனியாக ஒதுக்கி, ஆபீஸ் ஃபைல்களை அதில் திறந்து மாற்றும் 'சாண்ட்பாக்ஸ்' முறை இருக்கிறது. அந்தக் கணினியைப் பிரதான சர்வரிலிருந்து பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஊர் பேர் தெரியாத ஃபைல்களை அது திறக்கிறது. மேக்ரோவோடு (ஃபைலுக்குள் இருக்கும் நிரல்) ஏதாவது வந்தாலும் சேதம் அங்கேயே நிற்கட்டும் என்பதுதான். ஆனால் ஆள் இல்லாத சர்வரில் ஆபீஸைத் தானாக ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை. நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து "ஓகே"க்காகக் காத்து நின்றால், அழுத்த ஆள் இல்லாமல் பின்னால் வரும் ஃபைல்கள் எல்லாம் வரிசையில் நிற்கும்.

லிப்ரேஆபீஸ் இலவசம், திரையில்லாமல் ஓடும், கட்டளை ஒன்று கொடுத்தால் பிடிஎஃப் தரும். தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு செய்கிறது. அதனால் யூனிகோட் தமிழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலான அட்டவணை, உரைப்பெட்டி, பக்க ஓரத்தில் மிதக்கும் படம் இவற்றில்தான் வழுக்கும்.

லிப்ரேஆபீஸில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு புரொஃபைலில் (அது தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் கோப்புறை) ஒரு சமயத்தில் ஒரு ஓட்டம்தான். இரண்டு பேர் ஒரே நொடியில் ஃபைல் ஏற்றினால் இரண்டாவது மாற்றம் சத்தமில்லாமல் தோற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி புரொஃபைல் கோப்புறை கொடுங்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விடுங்கள். "சில நேரம் வருது, சில நேரம் வரல" என்ற புகார் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

லதா எழுத்துரு விண்டோஸோடு வருமே? சர்வரில் எப்படி இல்லாமல் போகும்?

பழைய விண்டோஸ்களில் கூடவே வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தமிழ் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்த்தால் அல்லது 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் போய் அந்தத் தொகுப்பை நிறுவினால்தான் வரும். கூடவே வருவது நிர்மலா யூஐ. பழைய ஃபைல்கள் எல்லாம் லதாவில், புதுச் சர்வரில் நிர்மலா. அறிக்கைகள் ஒன்றரைப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக வளர்வதன் மர்மம் இதுதான்.

லினக்ஸ் சர்வரில் லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கும். கலிப்ரிக்குக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலம் உள்ள மாற்று எழுத்துருக்கள் அங்கே உண்டு. அதனால் ஆங்கில ஃபைல் பெரும்பாலும் தப்பித்துவிடும். லதாவுக்கு அந்தத் தொகுப்புகளில் அப்படி ஒரு ஜோடி கிடையாது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று போகிறவர்கள் தமிழில் மாட்டுவது இங்கேதான்.

எழுத்துருவை நிறுவிவிட்டேன். நான் லாகின் செய்து பார்த்தால் வருகிறது, சர்வர் மாற்றினால் வரவில்லை. ஏன்?

உங்களுக்கு மட்டும் நிறுவியிருக்கிறீர்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துரு ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' என்றால் அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும்தான் போகும். மாற்றும் சேவை வேறு கணக்கில் ஓடுகிறது. அதற்கு அந்த எழுத்துரு கண்ணிலேயே படாது. அதே மெனுவில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவி, சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். அரை நாள் என்னை அலையவிட்ட விஷயம் இது.

பாமினியில் அடித்த கேள்வித்தாள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

தமிழ்த்துறையில் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் ஏராளம். இவற்றில் ஃபைலுக்குள் இருப்பது தமிழே இல்லை. பாமினியில் "அம்மா" என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துரு ஒரு முகமூடி. சர்வரில் அந்த முகமூடி இல்லையென்றால் உள்ளே இருப்பது அப்படியே தாளில் வரும்.

யூனிகோட் ஃபைலில் எழுத்துரு மாறினால் வரிதான் நகரும், தமிழ் தமிழாகவே இருக்கும். பாமினி ஃபைலில் எழுத்துரு இல்லையென்றால் எல்லாம் போச்சு. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். ஆனாலும் பதினைந்து வருடக் கேள்வி வங்கியை யாரும் ஒரே நாளில் மாற்றப் போவதில்லை. அனுப்புகிறவரையே பிடிஎஃப் ஆக்கச் சொல்வதுதான் நடக்கிற காரியம். துறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது, அங்கே இரண்டு கிளிக். நான் துறை வாரியாகப் போய் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்தப் புகார் அபூர்வம்.

வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

'சேவ் ஆஸ்' பெட்டியில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்ததும் 'ஆப்ஷன்ஸ்' பொத்தான் தெரியும். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. அதில் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பிடிஎஃப்/ஏ. 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்று வெளியான ஆவணக் காப்பக வடிவம். எல்லா எழுத்துருவும் ஃபைலுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. காப்பகத்துக்காக வந்த அந்த விதி, பிரிண்ட் சர்வருக்கும் வரப்பிரசாதம். ஒரே எச்சரிக்கை, அதன் முதல் வகையில் ஒளிஊடுருவும் வண்ணம் கிடையாது. பின்னணியில் மங்கலாகக் கல்லூரிச் சின்னம் போட்டிருந்தால் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எழுத்துருவை உள்ளே வைக்க முடியாதபோது உரையைப் படமாக்கும் தேர்வு. சில எழுத்துருக்களின் உரிமம் உள்ளே வைப்பதைத் தடுக்கும். அப்போது இது காப்பாற்றும். ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை.

மேலே 'மினிமம் சைஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். மெயிலில் அனுப்ப அது. பிரிண்டுக்கு வேண்டாம்.

பிடிஎஃப்புக்குள் எழுத்துரு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடோபி ரீடரில் கன்ட்ரோலும் டியும் அழுத்துங்கள். 'ஃபான்ட்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருந்தால் உள்ளே இருக்கிறது. வெறும் பெயர் மட்டும் இருந்தால் இல்லை. பத்து விநாடி வேலை.

லினக்ஸில் கப்ஸ் எந்த வழியில் மாற்றுவது என்று எப்படி முடிவு செய்கிறது?

இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கப்ஸ் என்பது லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள். அதில் இரண்டு வகைப் பட்டியல்கள் உண்டு. 'மைம் டைப்ஸ்' என்பது அடையாளப் பட்டியல். ஃபைலின் முதல் சில எழுத்துகளைப் பார்த்து இது என்ன என்று சொல்லும். சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்று தொடங்கினால் பிடிஎஃப், சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட். 'மைம் கன்வ்ஸ்' என்பது மாற்றுப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் நான்கு சொல்: எதிலிருந்து, எதற்கு, செலவு எவ்வளவு, எந்த ஃபில்டர் (மாற்றும் நிரல்). செலவு என்பது பணம் அல்ல, ஒரு எண். பஸ் மாறிப் போவது மாதிரி, தொடக்கத்திலிருந்து பிரிண்டர் வரை எந்தெந்த ஃபில்டரைக் கோத்தால் மொத்தச் செலவு குறைவோ, அந்த வழியைக் கப்ஸ் எடுக்கும்.

2006இல் அட்லாண்டாவில் நடந்த பிரிண்டிங் கூட்டத்தில், நடுவில் இருக்கும் பொது வடிவம் இனி போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்ல, பிடிஎஃப் என்று முடிவானது. அதனால் இன்றைய லினக்ஸில் படம் வந்தாலும் உரை வந்தாலும் முதலில் பிடிஎஃப் ஆகும், அப்புறம் பக்கத் தேர்வு, ஒரு தாளில் இரண்டு பக்கம் போன்றவை அந்தப் பிடிஎஃப்பில் நடக்கும், கடைசியில்தான் பிரிண்டர் மொழி. வேர்டு ஃபைலுக்கு இந்தப் பட்டியலில் வழி கிடையாது. நேராக அனுப்பினால், இந்த ஃபார்மேட் தெரியாது என்று திருப்பிவிடும்.

பட்டியலைத் திருத்த வேண்டுமானால் கப்ஸோடு வந்த மூல ஃபைலைத் தொடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். 'ஈடிசி' கீழே உள்ள கப்ஸ் கோப்புறையில் உங்கள் பெயரில் தனி ஃபைல் வையுங்கள். எந்த வழியை எடுக்கும் என்று முன்கூட்டியே பார்க்க 'கப்ஸ்ஃபில்டர்' என்ற கருவி இருக்கிறது. ஃபில்டர்களைப் பட்டியலிடச் சொன்னால் தாள் செலவில்லாமல் காட்டிவிடும்.

பிரிண்டர் புரியாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாகத் துப்புகிறது. நிறுத்தவே முடியவில்லை.

முதலில் தாள் தட்டை வெளியே இழுங்கள். அப்புறம் கணினியில் ஜாபை ரத்து செய்யுங்கள். முதல் தாளின் முதல் வரியைப் படியுங்கள். அங்கே பிடிஎஃப் என்றோ போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றோ எழுதியிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. மாற்றப்படாத ஃபைல் பிரிண்டருக்குப் போயிருக்கிறது, பிரிண்டரும் அதை வெறும் உரை என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் 'ரா' க்யூ. டிரைவர் எதுவும் இல்லாமல், வந்ததை வந்தபடி அனுப்பும் க்யூ அது. விண்டோஸ் கணினிகள் தங்கள் டிரைவரிலேயே மாற்றி அனுப்பும் இடத்தில் அது சரி. அதே க்யூவை வெப் வழியாக வரும் பிடிஎஃப்புக்கும் கொடுத்தால் இதுதான் நடக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைப் பிசிஎல் மட்டும் தெரிந்த மெஷினுக்குப் போட்டாலும் இதே கூத்துதான்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட்டா, பாப்ளரா? எதைத் தேர்ந்தெடுப்பது?

போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் என்றால் மட்டும் இந்தக் கேள்வி. பிடிஎஃப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்கும் வேலையை இந்த இரண்டு மென்பொருள்களில் எது செய்வது என்பதைக் கப்ஸில் பிரிண்டர் வாரியாக மாற்றலாம். 'ஹைப்ரிட்' என்ற தேர்வு, சில நிறுவனங்களின் மெஷின்களுக்குப் பாப்ளரும் மற்றவற்றுக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டும் போடும். அதில் தொடங்குங்கள். ஒரு குறிப்பிட்ட ஃபைல் மட்டும் பாதியில் நின்றால் மற்றதை மாற்றிப் பாருங்கள். வேலை செய்தால் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் சர்வரில் இதற்குச் சமமான செட்டிங் எது?

பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கத்தில், ஜாப்களைப் பயனர் கணினியிலேயே ரெண்டர் செய்யச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால் டிரைவர் வேலை அனுப்புகிறவர் கணினியில் நடக்கும், சர்வர் வெறும் தபால்காரர். எழுத்துரு அங்கேதான் இருக்கிறது என்பதால் ஆனில் இருப்பதே நல்லது.

'அட்வான்ஸ்டு' பக்கத்தில் மேம்பட்ட அச்சு வசதிகளுக்கான டிக் இன்னொன்று. பக்க வரிசை குழம்பினாலோ, ஒரு பிரதி கேட்டு நான்கு வந்தாலோ அதை எடுத்துப் பாருங்கள். ஜாப் இஎம்எஃப் என்ற விண்டோஸ் இடைநிலை வடிவில் போகாமல் நேராக ராவாகப் போகும்.

திரையில் சரியாக இருக்கும் பிடிஎஃப், தாளில் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது.

அவசரமா? அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' போய், படமாக அச்சிடும் தேர்வைப் போடுங்கள். வந்துவிடும். மெதுவாக வரும், எழுத்து விளிம்பு கொஞ்சம் மழுங்கும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் டிரைவரில் ட்ரூடைப் எழுத்துருவைப் பிட்மேப்பாக (புள்ளிப் படமாக) அனுப்பும் தேர்வைத் தேடுங்கள். இல்லையென்றால் பிசிஎல் டிரைவரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு, அல்லது எதிர்த்திசையில், மாறிப் பாருங்கள். பிரிண்டரின் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் அதையும் புதுப்பியுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறதே? பிரிண்டும் கெடுமா?

கெடாது. தாளுக்குத் தேவை எழுத்தின் உருவம் மட்டும். நகலெடுக்கவும் தேடவும் வேண்டிய எழுத்துக் குறியீட்டு அட்டவணை வேறு. அது குறையாக இருக்கும் பிடிஎஃப்கூட அழகாக அச்சாகும்.

எக்செல் ஃபைல் ஏற்றினால் 140 பக்கம் என்கிறது!

எக்செலுக்குப் பக்கம் என்ற எண்ணமே இரண்டாம்பட்சம். அச்சுப் பகுதியை வரையறுக்காவிட்டால், எங்கோ ஆயிரமாவது வரிசையில் தவறி விழுந்த ஒரு கோடுகூட நடுவில் உள்ள அத்தனை வெற்றுப் பக்கத்தையும் இழுத்துவரும். பக்கம் எங்கே உடையும் என்பதும் எந்தப் பிரிண்டர் டிரைவர் தேர்வாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் சர்வரில் மாற்றினால் ஒரு கணக்கு, உங்கள் மேசையில் வேறு கணக்கு.

மதிப்பெண் பட்டியல் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: பிரிண்ட் ஏரியா போடுங்கள், அகலத்துக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள், நீளத்தை விட்டுவிடுங்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். சர்வர் பக்கத்தில் ஒரு ஜாபுக்கு இத்தனை பக்கம்தான் என்று உச்சவரம்பு வைத்து, மீறினால் கேட்கச் சொல்லுங்கள். எங்களிடம் 50.

டிபிஐ எவ்வளவு வைப்பது? 600 என்றால் இன்னும் தெளிவாக வருமா?

உரைக்கு டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி) பிரச்சினையே இல்லை. அது பிடிஎஃப்பில் கோடாக இருக்கிறது, பிரிண்டர் தன் முழுத் தெளிவில் வரைந்துகொள்ளும். படங்களுக்கு மட்டும்தான் இந்த எண். 300 போதும். லிப்ரேஆபீஸின் பிடிஎஃப் ஏற்றுமதியிலும் 300தான் இயல்பாக இருக்கும்.

பக்கத்தையே படமாக்கும் செட்டிங்கில் 600 போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஏ4 தாள் 4960க்கு 7016 புள்ளிகள், ஏறத்தாழ மூன்றரைக் கோடி. வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு பக்கம் 104 எம்பி. 300இல் அதுவே 26 எம்பி. சுருக்கிய பிறகு குறையும்தான், ஆனால் சுருக்கும் முன் சர்வரின் நினைவகம் அதைத் தாங்க வேண்டும்.

என் ஃபைலில் வண்ணமே இல்லை. ஏன் கலர் பக்கம் என்று காசு கழித்தது?

அடிக்கடி சண்டை வரும் இடம். வண்ணமே இல்லை என்பார்கள். திறந்து பார்த்தால் கடைசிப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு இணைய முகவரி, கீழே கோடோடு. ஒரு சொட்டு நீலம் இருந்தாலும் மென்பொருள் பார்வையில் அது கலர் பக்கம்.

நீலமே இல்லாமலும் இது நடக்கும். ஆபீஸ் ஃபைல்கள் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில், இருக்கின்றன. கறுப்பை நான்கு மைக்கு மாற்றும்போது சில செட்டிங்குகள் நான்கையும் கலந்து கறுப்பு ஆக்கும். கண்ணுக்குக் கறுப்புதான், கணக்குக்குக் கலர். டிரைவரில் உரையைத் தூய கறுப்பில் அடிக்கும் தேர்வைப் போடுங்கள். கலர் கணக்கை ஜாப் வாரியாக அல்லாமல் பக்க வாரியாகப் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். இருபது பக்க ஜாபில் ஒரு பக்கத்துக்குத்தான் கலர் கட்டணம் போகும், சண்டையும் குறையும். கறுப்பு வெள்ளையை இயல்பாக வைத்து, கலர் வேண்டுமானால் கேட்டு வாங்கும்படி வைத்தால் இன்னும் நிம்மதி.

நடுவில் பிரிண்டர் 'லெட்டர்' தாள் கேட்டு நிற்கிறது.

புதுக் கணினியில் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்திருக்கும். லெட்டர் 216க்கு 279 மி.மீ., ஏ4 210க்கு 297. சர்வரில், தாள் அளவு பொருந்தாவிட்டால் ஏ4க்குச் சுருக்கி அடி என்று வையுங்கள். கேட்டு நிற்காது.

ஆனால் கோடு போட்ட படிவம், விடைத்தாள், எஞ்சினியரிங் வரைபடம் இவற்றுக்கு அந்தச் சுருக்கல் ஆகாது, அளவு மாறிவிடும். அவற்றுக்கு அசல் அளவில் அடிக்கும் தனி க்யூ வைத்திருக்கிறேன்.

போனில் எடுத்த படம் ஏற்ற மாட்டேன் என்கிறது.

ஐபோனாக இருக்கும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அது ஹெச்இஐசி வடிவில் சேமிக்கிறது. பல மாற்றும் மென்பொருள்களுக்கு அது தெரியாது. கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றினால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்.

இ-ஆதார் பிடிஎஃப் ஏற்றினால் தோல்வி என்கிறது.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பைச் சர்வர் திறக்க முடியாது. மாணவர்கள் கடவுச்சொல்லை மெயிலிலேயே எழுதி அனுப்புகிறார்கள். வேண்டாம், தயவுசெய்து. உங்கள் கணினியில் திறந்து, 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகப் புதிய ஃபைல் ஆக்கி ஏற்றுங்கள். பிரிண்ட் எடுத்ததும் அதை அழித்துவிடுங்கள்.

நோட்பேடில் உள்ள தமிழ் உரையை நேராக அனுப்பலாமா?

கப்ஸின் உரை ஃபில்டர் ஒவ்வொரு குறியையும் ஒரு கட்டத்தில் வைக்கும். ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். வேர்டில் ஒட்டிப் பிடிஎஃப் ஆக்குங்கள்.

பாதுகாப்புக்காக என்ன செய்ய வேண்டும்?

மாற்றும் மென்பொருள் என்பது, யாரோ கொடுத்த ஃபைலைச் சர்வர் நம்பித் திறக்கும் இடம். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரல்மொழி என்பதை மறக்க வேண்டாம். 2018இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ஓட்டைகள் வெளிவந்த பிறகு, பல லினக்ஸ் தொகுப்புகளில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் பிடிஎஃப்பைத் தொடவே தடை போட்டார்கள். இன்றும் "பாலிசி அனுமதிக்கவில்லை" என்று ஒரு பிழை வருகிறதே, அதன் வரலாறு இதுதான். அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். எடுக்குமுன் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பதிப்பைப் பாருங்கள், 9.50க்குக் கீழே இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

2024 செப்டம்பரில், பிரிண்டர்களைத் தானாகத் தேடும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' சேவை வழியாகப் போலிப் பிரிண்டரைச் சேர்த்து, ஃபூமாட்டிக் ஃபில்டர் மூலம் கட்டளை ஓட்டலாம் என்று தெரியவந்தது. தானாகப் பிரிண்டர் தேட வேண்டிய அவசியம் சர்வருக்கு இல்லை. அந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள். கப்ஸின் 631 போர்ட் வெளி உலகுக்குத் திறந்திருக்கக் கூடாது.

எதுவும் புரியவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

மாற்றிய ஃபைலைப் பாருங்கள், லாகை அப்புறம் பார்க்கலாம். கப்ஸ் ஜாப் ஃபைல்களை இயல்பாக ஒரு நாள் வைத்திருக்கும். ஜாப்கள் காத்திருக்கும் ஸ்பூல் கோப்புறையில் 'டி' எழுத்தில் தொடங்கும் ஃபைல்தான் கப்ஸுக்கு வந்த ஆவணம். அதைத் திறந்தால் சரியாக இருக்கிறதா? இருந்தால் தவறு அதற்குப் பின்னால். இல்லையென்றால் கப்ஸுக்கு வருமுன்பே கெட்டது. தேட வேண்டிய இடம் இப்படிப் பாதியாகக் குறைந்துவிடும். பயனர்களின் ஆவணங்கள் அங்கே கிடக்கின்றன என்பதையும் நினைவில் வைத்து, கேள்வித்தாள் காலத்தில் அந்தக் காலவரம்பைக் குறைத்துவிடுங்கள்.

செட்டிங் மாற்றியதும் எதை அடித்துச் சோதிக்கிறீர்கள்?

விண்டோஸின் சோதனைப் பக்கத்தை நம்புவதில்லை. அது மாற்றத்தைச் சோதிப்பதே இல்லை. நானே மூன்று பக்கத்தில் ஒரு வேர்டு ஃபைல் வைத்திருக்கிறேன். முதல் பக்கம் லதாவில், கடைசி வரி பக்கத்தின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்துரு மாறினால் அது அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். அந்தப் பக்கத்தில் கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் உண்டு. இரண்டாம் பக்கத்தில் பாமினியில் நான்கு வரி, கறுப்பில் மட்டும். மூன்றாவதில் ஒரு நீல இணைப்பு, ஒரு புகைப்படம், சரியாக 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கோடு.

வெப் வழி, மெயில் வழி, விண்டோஸ் பகிர்வு வழி என்று மூன்றிலும் அடிப்பேன். ஸ்கேலை வைத்துக் கோட்டை அளப்பேன். கணக்கில் இரண்டு கறுப்பு வெள்ளை, ஒரு கலர் என்று வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். போன வாரம் மெயில் வழியில் மட்டும் கோடு 9.7 செ.மீ. வந்தது. அந்த வழிக்கு யாரோ சுருக்கும் க்யூவைப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.